கியர்பாக்ஸ் எண்ணெய் மாதிரியை முறையாக எடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்குத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டுக் காலம் முடியும் நேரத்தில் காரைக் கழித்துவிடுவதா, அல்லது சான்றிதழ் விலையின் மூன்று மாதச் சராசரியில் கணக்கிடப்படும் கட்டணத்தைச் செலுத்தி இன்னும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஓட்டுவதா என்ற கேள்வி நம்மவர் வீடுகள் பலவற்றில் பேசப்படுகிறது. பெருந்தொகை சம்பந்தப்பட்ட அந்த முடிவை எடுப்பதற்குமுன் உரிமையாளர்கள் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்கிறார்கள், குளிர்சாதனத்தைச் சோதிக்கிறார்கள், அடிப்பாகத்தில் துரு பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். ஆனால் பழுதானால் மிகப் பெரிய செலவு வைக்கக்கூடிய தானியங்கிக் கியர்பாக்ஸின் உள்நிலையை மட்டும், சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துக் கிடைத்த உணர்வை வைத்தே தீர்மானித்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயில் சிறிதளவு எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் உள்ளே தேய்மானம் எப்படி இருக்கிறது என்பதைப் பெருமளவு அறிந்துகொள்ளலாம் என்பதும், அந்த மாதிரியை எடுக்கும் விதத்தில்தான் முடிவின் மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதும் வாகன உரிமையாளர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் இன்னும் போதிய அளவு தெரியவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஜூரோங், துவாஸ் பகுதிகளின் கப்பல் பட்டறைகளில் இயந்திரப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். கப்பல் துறையில் எண்ணெய் மாதிரி என்பது விளையாட்டான விஷயம் அன்று. கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும்போது, நிரப்பத் தொடங்கியது முதல் முடியும் வரை சொட்டுச் சொட்டாக மாதிரி சேகரிக்கப்படுகிறது. கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுப்பதற்கான அனைத்துலக மார்போல் உடன்படிக்கையின்படி 400 மில்லிலிட்டருக்குக் குறையாத ஒரு மாதிரி முத்திரையிடப்பட்டு, இரு தரப்பாரும் கையொப்பமிட்ட அடையாளச் சீட்டுடன் குறைந்தது 12 மாதங்களுக்குக் கப்பல் தரப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் இங்கு வழங்கப்பட்ட எரிபொருளில் குளோரின் கலந்த சேர்மங்கள் இருப்பது தெரியவந்தபோது, அந்த எரிபொருளைப் பெற்ற சுமார் 200 கப்பல்களில் ஏறத்தாழ 80 கப்பல்களில் எரிபொருள் பம்புகளிலும் இயந்திரங்களிலும் கோளாறுகள் தெரிவிக்கப்பட்டன. அத்தகைய சர்ச்சைகளில் யார் சொல்வது உண்மை என்பதைத் தீர்த்துவைப்பது முறையாக எடுத்துப் பாதுகாக்கப்பட்ட மாதிரிதான். கப்பல்களுக்கு எரிபொருள் வழங்குவதில் உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் துறைமுகத்தைக் கொண்ட நகரில், எண்ணெயைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வுக்கூடங்களுக்குக் குறைவில்லை. அந்த வசதி கார் வைத்திருப்பவரின் கையருகே இருந்தும் பயன்படாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தானியங்கிக் கியர்பாக்ஸில் எண்ணெய் வெறும் உராய்வு நீக்கி மட்டும் அன்று. டார்க் கன்வர்ட்டரில் இயந்திரத்தின் ஆற்றலைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவது அதுவே. அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பதும், அவை பற்றிக்கொள்ளும் கணத்தில் சரியான அளவு வழுக்கலைத் தருவதும், எழும் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோவதும் அதன் வேலையே. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி வெப்பம் நிலவும் இத்தீவில், மாலை நேர விரைவுச்சாலை நெரிசலில் நின்று நின்று நகரும்போது குளிர்விப்பானுக்குக் காற்றோட்டம் குறைகிறது, எண்ணெய் சூடாகிறது. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் எண்ணெய் ஆக்சிஜனேற்றத்தால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆகவே ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து எண்ணெயின் வயதைச் சொல்ல முடியாது. விற்பனையாளர்கள் சிலர் "வாழ்நாள் முழுவதுக்குமான எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பல ஐரோப்பியக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கிறது. மறுபுறம், அதிகம் ஓடிய கியர்பாக்ஸில் எண்ணெய் மாற்றினால் அதுவே கியர்பாக்ஸைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் ஓட்டுநர்களிடையே பரவலாக இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் தவிக்கும் உரிமையாளருக்கு ஊகத்தைவிட நல்ல வழி இருக்கிறது: எண்ணெயை மாற்றுவதற்குமுன் அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம்.

கட்டாய வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டோமே, பிறகென்ன என்று கேட்பவர்களும் உண்டு. 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரையிலான கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சோதனை, பிரேக், விளக்கு, புகை போன்ற பாதுகாப்பு, சுற்றுப்புற அம்சங்களுக்கானது. கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்வது அதன் நோக்கமே அன்று.

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது? முதலில், எண்ணெயில் கலந்திருக்கும் மிக நுண்ணிய உலோகத் துகள்களைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவில் சொல்கிறது. இரும்பு கூடினால் பற்சக்கரங்களையும் தண்டுகளையும் எஃகுத் தட்டுகளையும் நினைக்க வேண்டும்; அலுமினியம் பம்பையும் வெளிக்கூட்டையும் சுட்டும்; செம்பு, ஈயம், தகரம் ஆகியவை புஷ்களையும் உந்துவளையங்களையும் சுட்டும், ஆனால் செம்பு குளிர்விப்பானிலிருந்தும் கரைந்து வரலாம். சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து உயர்ந்தால் வெளித்தூசி புகுந்திருக்கலாம். சிலிக்கான் மட்டும் உயர்ந்தால் அடைப்புப் பசையோ எண்ணெயின் நுரை தடுக்கும் சேர்மானமோ காரணமாக இருக்கலாம். சோடியமும் பொட்டாசியமும் தெரிந்தால் ரேடியேட்டர் திரவம் கலந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும், ஏனெனில் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பரப்பு எஃகின்மேல் பசைகொண்டு ஒட்டப்பட்டது. ரேடியேட்டர் திரவத்தில் உள்ள தண்ணீரும் கிளைக்காலும் அந்தப் பசையைத் தளர்த்திவிடும். இவற்றோடு 40, 100 டிகிரிகளில் எண்ணெயின் பாகுத்தன்மை, அமிலத்தன்மை, நீரளவு, ஆக்சிஜனேற்றத்தின் அளவு ஆகியனவும் கேட்டால் கிடைக்கும். எண்ணெயிலுள்ள உலோகத்தைக் கொண்டு இயந்திரத்தின் உடல்நிலையைக் கணிக்கும் இம்முறை, அமெரிக்க ரயில்வேக்களில் டீசல் இன்ஜின்களுக்காக 1940களிலேயே தொடங்கிவிட்டது. புதுமை ஏதும் இதில் இல்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

குளிர்ந்து நின்ற வண்டியிலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது. இரவெல்லாம் நின்ற வண்டியில் கனமான துகள்களும் நீரும் தொட்டியின் அடியில் படிந்துவிடும். மேலிருந்து எடுத்தால் கியர்பாக்ஸ் உண்மையைவிட நல்லதாகவும், அடியிலிருந்து எடுத்தால் உண்மையைவிட மோசமாகவும் தோன்றும். குறைந்தது இருபது நிமிடம் சாலையில் ஓட்டி, எண்ணெய் வேலை வெப்பத்தை அடைந்தபின், பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளிலும் கியரை மாற்றி வைத்துவிட்டு, வண்டியை நிறுத்திய சில நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும். அப்போது எண்ணெய் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும் என்பதையும், ஜாக்கில் மட்டும் தூக்கிய வண்டிக்குக் கீழே யாரும் நுழையக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடத்தில் செய்யும் வேலை அன்று இது. காரைத் தூக்கும் வசதியுள்ள பட்டறையில் செய்ய வேண்டியது.

அளவு பார்க்கும் குச்சி உள்ள கியர்பாக்ஸ் என்றால், அந்தக் குழாய் வழியாகப் புதிய, மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்திச் சிறு கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பதே மேலானது. குழாயின் நீளத்தைக் குச்சியோடு வைத்து முன்னரே அளந்துகொண்டால், அது அடியில் படிந்த வண்டலைத் தொடாமல் எண்ணெயின் நடுப்பகுதியில் நிற்கும். ஒரு வண்டிக்குப் பயன்படுத்திய குழாயை இன்னொரு வண்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. குச்சி இல்லாத இன்றைய கியர்பாக்ஸுகளில் எண்ணெய் வடிக்கும் மூடியான டிரெயின் பிளக் வழியாகத்தான் எடுக்க முடியும். அப்போது பிளக்கையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் முதலில் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் பாயும் எண்ணெயை விட்டுவிட்டு, ஓட்டம் சீரானபின் நடுவே புட்டியைக் காட்டிப் பிடித்து, கடைசியில் வடியும் எண்ணெய் வருவதற்குமுன் விலக்கிவிட வேண்டும். பலதுறை மருந்தகத்தில் சிறுநீர் மாதிரி கேட்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள் அல்லவா, அதே காரணம்தான் இங்கும். சுமார் 100 மில்லிலிட்டர் போதும். புட்டி ஆய்வுக்கூடம் தந்ததாக, உலர்ந்ததாக, அதுவரை திறக்கப்படாததாக இருக்க வேண்டும். கழுவிக் காயவைத்த குடிநீர்ப் புட்டி சற்றும் உதவாது. ஆய்வுக்கூடத்தில் குலுக்கிக் கலப்பதற்கு இடம் வேண்டும் என்பதால் புட்டியை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது.

எடுத்த அளவை, அதே தரத்தில், திரும்ப ஊற்ற வேண்டும். குச்சியில்லாத கியர்பாக்ஸில் எண்ணெயின் அளவைக் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் சரிபார்க்க முடியும், அந்த வெப்பநிலை வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், அத்தகைய கார்களில் மாதிரிக்காக மட்டும் பிளக்கைத் திறப்பதைவிட, எண்ணெய் மாற்றும் நாளிலேயே மாதிரியையும் எடுத்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. பிளக்கின் வளையத்தையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடலாம். திறக்கும்போது பிளக்கிலோ தொட்டியிலோ உள்ள காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருக்கும் நுண்தூள் இயல்பானது. கண்ணுக்குத் தெரியும் சில்லுகளோ ஊசிபோன்ற துண்டுகளோ இருந்தால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் பட்டறைக்காரரோடு பேச வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் என்ன ஆகும் என்பதை என் மைத்துனரின் காரில் கண்டேன். தனியார் வாடகைக் கார் ஓட்டும் அவர், கியர் மாறும்போது லேசான அதிர்வு தெரிந்ததால் ஒரு பட்டறையில் எண்ணெய்ச் சோதனை கேட்டார். அங்கிருந்தவர் பிளக்கைச் சற்றுத் தளர்த்தி, வழக்கமாக இன்ஜின் எண்ணெய் வடிக்கும் தட்டில் கொஞ்சம் எண்ணெய் விழவிட்டு, அதிலிருந்து அள்ளிப் புட்டியை நிரப்பி அனுப்பிவிட்டார். அறிக்கையில் சிலிக்கான் உயர்ந்திருந்தது. கால்சியமும் துத்தநாகமும் அந்தக் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குச் சற்றும் பொருந்தாத அளவில் இருந்தன. முன்பு யாரோ தவறான எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். கால்சியமும் துத்தநாகமும் இன்ஜின் எண்ணெயின் சேர்மானங்கள். சிலிக்கான் காரின் அடிப்பாகத்திலிருந்து உதிர்ந்த மண். ஆய்வுக்கூடம் பகுப்பாய்வு செய்தது கியர்பாக்ஸை அன்று, அந்தத் தட்டைத்தான். வேறொரு பட்டறையில் முறைப்படி எடுத்த மாதிரி, எண்ணெய் பழையது என்றும் தேய்மானம் கவலைப்படும் அளவில் இல்லை என்றும் காட்டியது. எண்ணெய் மாற்றியபின் அதிர்வும் அடங்கிவிட்டது. முதல் அறிக்கையை நம்பியிருந்தால் அந்தக் குடும்பம் கடன் வாங்கியிருக்கும். பட்டறைக்காரரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மாதிரி எடுப்பது தனி வேலை என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான்.

புட்டியோடு போகும் தாள் புட்டிக்கு இணையான முக்கியத்துவம் உடையது. காரின் வகை, ஓடிய மொத்தத் தூரம், இப்போதுள்ள எண்ணெய் ஊற்றியபின் ஓடிய தூரம், எண்ணெயின் பெயரும் தரமும், இடையில் ஊற்றிச் சேர்த்த அளவு, மாதிரி எடுத்த தேதி, எடுத்த முறை ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இன்ஜின் எண்ணெயைப்போல கியர்பாக்ஸ் எண்ணெய் ஒரே முறையில் முழுவதும் வடிவதில்லை. டார்க் கன்வர்ட்டரிலும் குளிர்விப்பான் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடுவதால், ஒரு முறை வடித்து ஊற்றினால் பல கார்களில் பாதியோ அதற்கும் குறைவோதான் புதிதாகிறது. அதற்குப் பிறகு எடுக்கும் மாதிரியில் இரும்பு பாதியாகக் குறைந்திருந்தால் தேய்மானம் குறைந்துவிட்டது என்று பொருளன்று, நீர்த்துப்போயிருக்கிறது, அவ்வளவே. எவ்வளவு எண்ணெய், எப்போது மாற்றப்பட்டது என்பது எழுதப்படாத நிலையில், எந்த நிபுணரும் அந்த எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது. அதேபோல, திறக்கப்படாத புதிய எண்ணெயின் மாதிரி ஒன்றையும் ஒருமுறை அனுப்பிவைத்தால், எந்தச் சேர்மானம் எண்ணெயோடு வந்தது, எது வெளியிலிருந்து புகுந்தது என்பதை ஆய்வுக்கூடம் பிரித்தறியும்.

அறிக்கை வந்தபின் ஒற்றை எண்ணைக் கண்டு மிரள வேண்டாம், மகிழவும் வேண்டாம். புதிதாகப் பழுதுபார்த்துப் பொருத்திய கியர்பாக்ஸில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில் உலோக அளவு உயர்ந்தே இருக்கும். உண்மையான தகவல், ஒரே முறையில், ஏறத்தாழ ஒரே இடைவெளியில் எடுத்த அடுத்தடுத்த மாதிரிகளின் போக்கில்தான் கிடைக்கிறது. இன்னொரு வரம்பையும் சொல்லாமல் விடக் கூடாது. உலோகத் துகள்களை அளக்கும் வழக்கமான நிறமாலைச் சோதனை சுமார் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சரிவரக் காண்பதில்லை. திடீரென்று முறிந்து சிதறும் பாகங்கள் பெரிய சில்லுகளாக உதிர்வதால், சில வேளைகளில் சீர்கெட்டுக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸின் அறிக்கைகூட அமைதியாகவே இருக்கும். பெரிய இரும்புத் துகள்களைக் காந்தத்தின்வழி அளக்கும் பிகியூ சோதனையையும் சேர்த்துக் கேட்பது அதனால்தான். சோலினாய்டு (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு) கோளாறு, கணினிக் கோளாறு ஆகியவை எண்ணெயில் தெரியாது.

இங்கு மிகுதியாக ஓடும், படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாகக் கியர் மாறும் சிவிடி கார்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் அவற்றுக்கு அவற்றுக்குரிய எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும், அறிக்கையையும் அந்த வகைக் கியர்பாக்ஸோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். லாரிகளும் சிறு பேருந்துகளும் வைத்துத் தொழில் செய்யும் நம்மவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அதிகம் பயன்படும். ஒரு வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் அவர்களுக்கு வருமானம் இல்லை.

சின் மிங், உபி, காக்கி புக்கிட், சுங்கை காடுட் போன்ற இடங்களில் பட்டறை நடத்துவோரிடம் என் வேண்டுகோள் பெரியதன்று. சுத்தமான புட்டிகளையும் ஒரு கைப்பம்பையும் புதிய குழாய்ச் சுருளையும் வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர் ஒருவருக்காவது மாதிரி எடுக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள். அறிக்கையின் மூலப்படியை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள்; "கியர்பாக்ஸ் சரியில்லை" என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட அது உங்கள் பட்டறைக்கும் நற்பெயர் தரும். வடித்த பழைய எண்ணெய் நச்சுத் தொழிற்கழிவு என்பதால் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடமே அது போக வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே.

உரிமையாளர்கள் மாதிரி எடுக்கும்போது உடனிருக்க வேண்டும். கப்பல் துறை வழக்கப்படி ஒரே நேரத்தில் இரண்டு புட்டிகள் நிரப்பச் சொல்லி, இரண்டிலும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, ஒன்றை முத்திரை ஒட்டித் தம்மிடம் வைத்துக்கொள்வது நல்லது; அறிக்கையில் ஐயம் எழுந்தால் இரண்டாவது புட்டியை வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். பழைய கார் வாங்குபவர்கள், முன்பணம் கொடுப்பதற்குமுன், பழுதுபார்ப்புப் பதிவுகளோடு கியர்பாக்ஸ் எண்ணெய் அறிக்கையையும் கேட்கலாம். அறிக்கை இல்லையென்றால் தம் செலவில் மாதிரி எடுக்க விற்பவரின் ஒப்புதலைக் கேட்கலாம். சான்றிதழைப் புதுப்பிக்க எண்ணுபவர்கள், காலக்கெடுவுக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே முதல் மாதிரியை எடுத்துவிட்டால், முடிவெடுப்பதற்குமுன் இரண்டாவது மாதிரிக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இயந்திரப் பராமரிப்பாளர்,
ஈசூன்